லாரி திரும்பாத முனை

லாரி ஓட்டுநர் வந்து பாதையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே, "சுவரையெல்லாம் பறக்க விட்டுக் கொண்டாரச் சொல்றீங்களா மதாம்?" என்று கேட்டார். ஹனெக்காவுக்கு அது வேடிக்கையாக இல்லை.

பின்னே எப்படி இருக்கும்? இரண்டு வருஷமாக அந்த மலைச்சரிவில் அவள் பட்ட பாடு கொஞ்சமா? ஹாலந்தில், கண்ணுக்கெட்டிய மட்டும் தட்டையான பூமியில் பிறந்து வளர்ந்தவள், இந்தப் பிரெஞ்சுக் கொரேஸ் மேட்டில் ஆளுயர முள்புதர் மண்டிக் கிடந்த நிலத்தை ஆசைப்பட்டு வாங்கினாள். கணவன் சீட்சே, கால்வாயில் படகு போகப் பாலத்தை ஏற்றி இறக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு பேருமாகப் புதரை வெட்டினார்கள், வேரைத் தோண்டினார்கள், தோண்டத் தோண்டக் கருங்கல்லாக வந்ததை ஓரத்தில் குவித்தார்கள். பொக்லைன் வைத்து மேட்டைத் தட்டிப் பள்ளத்தை நிரவி, செப்டிக் டேங்க் இறக்கி, ஜல்லி பரப்பி, கான்கிரீட் தளமும் போட்டாயிற்று. குடித்தனம் மட்டும் இன்னும் ஒரு பழைய கேரவனுக்குள்தான். இனி வர வேண்டியது வீடு. மரச்சுவர்களை ஜன்னலோடு பட்டறையிலேயே செய்து நீளமான லாரியில் ஏற்றி வருவார்கள்; கிரேன் வைத்து ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள்.

அந்த லாரிக்குத்தான் திரும்ப வழியில்லை. ஹனெக்காவின் நிலத்துக்கு வருகிற சந்து ஓரிடத்தில் முழங்கை மாதிரி மடங்குகிறது. மடங்குகிற இடத்தில் பக்கத்து வீட்டு ரெஜிஸின் புல்வெளி. அவருடைய கம்பி வேலியை அவிழ்த்துவிட்டு, புல்லின் குறுக்கே லாரியை விட்டால் வீடு வரும். இல்லாவிட்டால் அடுத்த கோடையில்தான் பட்டறையில் மறுபடி தேதி கிடைக்கும்.

சீட்சே ஈரச் சாக்ஸைக் கேரவனுக்குள் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டே சொன்னான்: "இதோ பாரு ஹனெக்கா. சுவர் நின்னா நானும் இங்க நிக்கிறேன். இல்லன்னா இன்னொரு குளிர்காலத்த இந்தப் பெட்டிக்குள்ள என்னால ஓட்ட முடியாது. அக்கா வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு. நான் போயிடுவேன்."

"நான்?"

"அது உன் இஷ்டம்."

கோபத்தில் கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். மனுஷன் சர்வசாதாரணமாகச் சொன்னான். அதுதான் அவளைக் கலக்கியது. வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் இருந்தவள் அவள். இந்த மண்ணையும் விட மனசில்லை, இந்த மனுஷனையும் விட மனசில்லை.

சரி, நேரே கேட்டுவிடுவோம் என்று ரெஜிஸையும் அவர் மனைவி ஒதீலையும் காலை பத்து மணிக்குக் காபிக்குக் கூப்பிட்டாள். கூப்பிட்டதில் தப்பில்லை. ஆனால் இந்த ஊரில் பத்து மணிக்கு ஒருத்தரை அழைத்தால் ரொட்டி, பன்றித் தொத்திறைச்சி, ஒரு துண்டு பாலாடைக்கட்டி, ஆளுக்கு அரைக் கிளாஸ் ஒயின் என்று மேஜை நிறைந்திருக்க வேண்டாமா? விடிகாலையில் மாட்டுக் கொட்டகைக்குப் போய் வந்தவர் ரெஜிஸ். குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு பசியோடு வந்தார். ஒதீல் பிளம் ஜாம் ஒரு ஜாடி கொண்டுவந்தாள்.

ஹனெக்கா காபி ஊற்றினாள். அலமாரியிலிருந்து தகர டப்பாவை எடுத்துத் திறந்தாள். ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள். அப்புறம், சத்தியமாகச் சொல்கிறேன், டப்பாவை அழுத்தி மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்!

பாவம், அவள் கஞ்சம் இல்லை. அவள் ஊரில் ராஜாவே வந்தாலும் காபிக்கு ஒரு பிஸ்கட்தான். இன்னொன்றுக்குக் கை நீட்டுகிறவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஒதீல் மூடின டப்பாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். ஹனெக்கா எதையும் கவனிக்கவில்லை.

"ரெஜிஸ், அடுத்த வியாழக்கிழமை உங்க புல்வெளி முனை எனக்கு அரை நாள் வேணும். லாரி போகணும். முடியுமா, முடியாதா?"

ரெஜிஸ் காலிக் கோப்பைக்குள் பார்த்தபடி, "பார்க்கலாம்" என்றார்.

பார்க்கலாம் என்று ரெஜிஸ் சொன்னால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஹனெக்கா வாயெல்லாம் பல்லாக சீட்சேயிடம், "ஒத்துக்கிட்டார்!" என்றாள்.

ஒத்துக்கொண்டவர் செய்த வேலையைக் கேளுங்கள். மறுநாளே தன் செம்மாடுகள் அத்தனையையும் ஓட்டிவந்து சரியாக அந்த முனையில் விட்டார். வேலியில் புதுக் கம்பி வேறு ஒரு வரிசை. சீட்சே அதைப் பார்த்தான். கேரவன் பரணிலிருந்து துணிப்பெட்டியை இறக்கித் தூசி தட்டினான்.

செவ்வாய்க்கிழமை ரொட்டி வண்டி வந்து ஹாரன் அடித்தது. ஹனெக்கா போனபோது ஒதீல் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் ரொட்டிக்காரனிடம் குரலை உயர்த்தினாள்.

"எனக்கு ரெண்டு ரொட்டி குடுப்பா. ஒண்ணக் குடுத்துட்டு டப்புன்னு கதவ மூடிடாத, என்ன?"

ரொட்டிக்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். ஹனெக்காவுக்குக் காது வரைக்கும் சுட்டது.

"என்னையா சொல்றீங்க, ஒதீல்?"

"வேற யாரு இந்த ஊர்ல பிஸ்கட்டுக்குப் பூட்டுப் போடறது?"

"எங்க ஊர்ல அப்படித்தான். பசின்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பேனே! ஒரு பிஸ்கட்டுக்காகவா மாட்ட ஓட்டிட்டு வந்து விட்டீங்க?"

"பிஸ்கட்டாம் பிஸ்கட்டு!" ஒதீல் ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இடுப்பில் கை வைத்தாள். "ரெண்டு வருஷமா பக்கத்துல இருக்கே. ஒரு மண்வெட்டி இரவல் கேட்டிருப்பியா? நான் முட்டை கொண்டாந்து குடுத்தேன், சாயங்காலமே கேக்கோட வந்து நின்னே. எங்க கடன் ஒண்ணும் உன்மேல ஒட்டிக்கக் கூடாதுன்னு அவ்வளவு அவசரம்! அப்படிப்பட்டவ மொத மொதல்ல ஒண்ணு கேக்கறா, அதையும் டாக்ஸிக்காரன்கிட்ட கேக்கற மாதிரி, முடியுமா முடியாதாங்கறா. மனுஷனுக்கு எப்படி இருக்கும்?"

நடுச்சந்தில், ரொட்டிக்காரன் முன்னால், ஹனெக்கா விக்கி விக்கி அழுதாள்.

"சீட்சே போயிடுவான் ஒதீல். வீடு நிக்கலன்னா போயிடுவேன்னு சொல்லிட்டான். பெட்டியக் கூட இறக்கிட்டான்."

ஒதீல் கையை இடுப்பிலிருந்து எடுத்தாள். "அடிப் பாவி, இத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன? லாரி லாரின்னு லாரியப் பத்தியே பேசினியே!"

அத்தோடு விடவில்லை, அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று தன் வீட்டுக்கு இழுத்துப் போனாள். அங்கே சூப், அப்புறம் வாத்துக்கறி, அப்புறம் உருளைக்கிழங்கு, அப்புறம் சாலட் என்று வந்துகொண்டே இருந்தது. ஹனெக்கா போதும் என்றபோதெல்லாம் தட்டில் இன்னொரு கரண்டி விழுந்தது. ஒதீல் விஷயத்தைச் சொல்லச் சொல்ல ரெஜிஸ் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். கடைசியில் பாலாடைக்கட்டியை வெட்டிக்கொண்டே ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"வியாழக்கிழமை மழை வரும்."

கேரவனுக்குத் திரும்பியதும் சீட்சே கேட்டான், "என்ன, சரின்னாரா?"

"மழை வரும்னார்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"எனக்கென்ன தெரியும்? வயிறு வெடிக்குது, என்ன விடு."

புதன்கிழமையே பிடித்துக்கொண்டது மழை. வியாழன் விடிந்தும் விடியாத நேரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. ஹனெக்கா ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள். முனையில் மாடுகளைக் காணவில்லை, வேலியையும் காணவில்லை. கம்பியெல்லாம் சுருட்டி ஓரத்தில் கிடந்தது. குளிர்காலத்தில் மாடுகளுக்குப் படுக்கை போடச் சேர்த்து வைத்திருந்த வைக்கோலை உருளை உருளையாகக் கொண்டுவந்து, சேற்றின் மேல் பிரித்துப் பரப்பிக்கொண்டிருந்தார் ரெஜிஸ். தொப்பியிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"அங்க என்ன நின்னுக்கிட்டு இருக்கே? வைக்கோல் அள்ளற கவைக்கம்பு டிராக்டர்ல இருக்கு. உம் புருஷனையும் எழுப்பு."

சீட்சே எழுந்து வந்துவிட்டிருந்தான். கவைக்கம்பை அவனே எடுத்தான்.

லாரி வந்தது. முன்சக்கரம் ஏறியது. நடுவில் ஒரு தடவை பின்சக்கரம் உள்ளே இறங்கி வெறுமனே சுற்றியபோது ஹனெக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ரெஜிஸ் டிராக்டரில் சங்கிலியை மாட்டினார். சீட்சே வைக்கோலை அள்ளி அள்ளிச் சக்கரத்துக்கு அடியில் திணித்தான். ஓட்டுநரும் ரெஜிஸும் மாறி மாறித் திட்டிக்கொண்டார்கள். ஒரு வழியாக லாரி உறுமி மேலே ஏறியது. குடையோடு வந்து நின்ற ஒதீல் கை தட்டினாள்.

மாலைக்குள் நான்கு சுவரும் நின்றுவிட்டன. மழையும் விட்டிருந்தது. கிரேன் போன பிறகு எல்லோரும் முனைக்கு வந்து பார்த்தார்கள். புல்வெளி என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. முழங்கால் ஆழத்துக்குச் சக்கரத் தடம், நசுங்கின வைக்கோல், சேறு. ஹனெக்கா ரெஜிஸ் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கே பொக்லைன்காரர வரச் சொல்றேன் ரெஜிஸ். இந்த வாரத்துக்குள்ள சமன் பண்ணி, புல்லும் வெச்சு..."

"சும்மா இரு ஹனெக்கா." சீட்சேதான். தலையெல்லாம் வைக்கோல், முகமெல்லாம் சேறு. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தான். "இப்ப வெச்சா அழுகிடும். இது அப்படியே கிடக்கட்டும் ரெஜிஸ். மார்ச் மாசம் நான் வந்து கொத்தி விதைச்சுத் தர்றேன்."

"மார்ச்சா?" ரெஜிஸ் சிரித்தேவிட்டார். "மார்ச்சுல இங்க உறைபனிய்யா! உங்க ஊர் கணக்க இங்க போடாத. ஏப்ரல் கடைசியில விதை."

"சரி. ஏப்ரல் கடைசி."

ஏப்ரல் கடைசி என்று ஹனெக்கா மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.