கேஸ் வேண்டாம்

குந்தவை உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே மாத்திரை அட்டையை நீட்டினாள். மூன்று மணிக்கு அவள் புருஷன் தியாகராசனைப் போலீஸ் ஸ்டேஷன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். யாரோ வாய்மொழியாகப் புகார் சொல்லியிருக்கிறார்கள், விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்று சொன்னார்களாம். இப்போது மணி ஐந்து. இன்னும் அனுப்பவில்லை.

"சாயங்காலம் ஒண்ணு, காலையில ஒண்ணு, மாமா. வேளை தப்புனா வலிப்பு வந்துரும். உங்களுக்குத்தான் ஸ்டேஷன்ல பழக்கம். குடுத்துட்டு, அவரு முழுங்குறாரான்னு பாத்துட்டு வாங்க."

வீட்டுப் பெண்கள் ஸ்டேஷன் படி ஏறினால் குடும்பத்துக்கு இழுக்கு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த வீடுதான். அதனால்தான் அவள் புருஷனின் அண்ணனிடம் வந்து நின்றாள்.

அமிர்தலிங்கம் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். "நீ போம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார். சொன்ன நேரத்தில் அவர் உண்மையாகவே பார்த்துக்கொள்ளத்தான் நினைத்தார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

குந்தவை தெரு திரும்பிய பிறகு அவர் மனைவி ஈஸ்வரி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"ஏங்க, தம்பி மேல புகார் சொன்னது யாருங்க?"

"எனக்கு என்ன தெரியும்?"

ஈஸ்வரி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் பார்த்த முகம். அரிசி களையப் போய்விட்டாள்.

புகார் சொன்னது அமிர்தலிங்கம்தான்.

தம்பி அவருக்கு எட்டு வயது இளையவன். பதினேழு வருஷம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன், அங்கே சாரத்திலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டுத் திரும்பி வந்தான். அன்றிலிருந்து வலிப்பு. அடிபட்டு வந்தவனை ஊரே போய்ப் பார்த்தது. அமிர்தலிங்கத்துக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது வந்து பார்த்தவர்கள் நாலு பேர். அதில் இரண்டு பேர் தம்பி அனுப்பி வந்தவர்கள்.

வந்தவன் வயலில் போர்வெல் போட்டான். ஆற்றில் தண்ணீர் எட்டிப் பார்க்காத வருஷத்திலும் அவன் வயல் பச்சையாகக் கிடந்தது. சரி, போகட்டும் என்று இருந்திருக்கலாம். ஆனால் அவன் அந்தத் தண்ணீரை, யாரும் கேட்காமலேயே, அண்ணன் வயலுக்கும் திருப்பி விட்டான். அமிர்தலிங்கத்துக்கு அது இன்னும் எரிந்தது.

அவருக்கென்று மிச்சம் இருந்தது பரிவட்டம். வைகாசித் தேர் அன்று காலை, வடம் பிடிக்கும் முன்னால், கோயிலில் முதல் மரியாதையாகத் தலையில் கட்டும் பட்டுத்துணி. தாத்தா, அப்பா, பிறகு பதினெட்டு வருஷமாக அவர். இந்த வருஷம் தம்பி தேருக்குப் புதுச் சக்கரம் செய்து போட்டிருந்தான். கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்துவிட்டு, "இந்தத் தடவை தம்பிக்குக் கட்டிரலாம்ணே. உங்களுக்கும் சந்தோசம்தானே" என்றார்கள். சந்தோஷம் என்றுதான் அவரும் சொன்னார்.

மறுநாள் தேர் என்றபோது ஸ்டேஷனுக்குப் போனார். தம்பி வரப்பை வெட்டிவிட்டான், கேட்டதற்கு அரிவாளை ஓங்கினான் என்றார். வரப்பைத் துளைத்தது எலி. அரிவாளை யாரும் ஓங்கவில்லை. எழுதுங்கள் என்று ரைட்டர் பேப்பரை நகர்த்தியபோது அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"கேஸ் எல்லாம் வேணாம் சார். என்ன இருந்தாலும் தம்பி. எஃப்.ஐ.ஆர். விழுந்தா அவன் பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்கையில அசிங்கம். நாளைக்குத் தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் சும்மா உக்கார வெச்சிருங்க, போதும்."

அந்தப் பக்கத்தில் இது புதிதல்ல. குடிக்கிற மருமகனை, ஓடிப்போகப் பார்த்த மகனை, பாகத்துக்கு ஒத்துவராத பங்காளியை இப்படித்தான் ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். கேஸ் வேண்டாம் என்று சொல்பவனை ஊர் நல்ல மனசுக்காரன் என்று சொல்லும். அமிர்தலிங்கம் அடிக்கச் சொல்லவில்லை. அடிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மாத்திரையோடு அவர் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது தியாகராசன் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். கையில் டீ கிளாஸ். எதிரே ஒரு போலீஸ்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சிங்கப்பூரில் மச்சினனுக்கு வேலை கிடைக்குமா என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பிடித்து வைத்த இடத்திலும் அவனுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. அமிர்தலிங்கத்துக்கு ஒரு கணம் யாரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றே புரியவில்லை.

தியாகராசன் அண்ணனைப் பார்த்ததும் எழுந்தான்.

"வந்துட்டியாண்ணே? எவனோ என் மேல புகார் சொல்லியிருக்கானாம். நீ சொன்னா விட்ருவாங்க. ஒரு வார்த்தை சொல்லு."

அமிர்தலிங்கம் நேராக ரைட்டரிடம் போய் அட்டையைக் காட்டினார். வலிப்புக்கு மாத்திரை, வேளை தவறக்கூடாது என்று சொன்னார். குரல் தாழ்ந்துதான் வந்தது.

ரைட்டர் அட்டையைத் தொடவில்லை. "டாக்டர் சீட்டு இல்லாம குடுத்து ஏதாவது ஆயிருச்சுன்னா நாங்கல்ல பதில் சொல்லணும். ஆஸ்பத்திரி பக்கத்துலதானே இருக்கு, ஒரு சீட்டு வாங்கியாங்கண்ணே. பத்து நிமிஷ வேலை" என்றார்.

வெளியே வந்து வண்டியை எடுத்தார். இடது பக்கம் ஆஸ்பத்திரி. வலது பக்கம் கோயில். பின்னால் ஸ்டேஷனுக்குள் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. தம்பி ஏதோ சொல்லியிருப்பான், போலீஸ்காரர் சிரித்திருப்பார். ஒரு வேளைதானே, காலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார். வலது பக்கம் திரும்பினார். கமிட்டித் தலைவரிடம், தம்பியை ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள், நாளைக்கு வருவது சந்தேகம் என்று வருத்தத்தோடு சொன்னார். வருத்தம் நன்றாகவே வந்தது. வழக்கப்படி நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று தலைவர் சொன்னார்.

வீட்டில் ஈஸ்வரி ஒரே கேள்வி கேட்டாள். "குடுத்தீங்களா?"

"குடுத்தேன். முழுங்கிட்டான்."

ஈஸ்வரி போய் அதைக் குந்தவையிடம் சொன்னாள்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்குப் பூசாரி அவர் தலையில் பரிவட்டத்தைச் சுற்றினார். முடிச்சுப் போடும்போதே இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. விபூதி வாங்கிய பிறகு எடுத்தார். ரைட்டர் பேசினார். தம்பிக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார். போய்ச் சேர்ந்தபோது தம்பி மேல் துணி போர்த்தியிருந்தது.

நடந்தது இதுதான். இரவு பாராவுக்கு வந்தவர்கள் வேறு ஆட்கள். அரிவாள் ஓங்கினவன் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. தூங்க விடவில்லை. முழங்காலுக்குக் கீழே லத்தியால் தட்டியிருக்கிறார்கள். விடியும் முன் முதல் தடவை வலிப்பு இழுத்தபோது நடிக்கிறான் என்றார்கள். இரண்டாம் தடவை சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். மூன்றாம் தடவை இழுத்தது நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனால் யார் என்று எழுத வேண்டும். எழுதினால் எதற்காக ஸ்டேஷனில் இருந்தான் என்று எழுத வேண்டும். எந்தக் காகிதத்திலும் இல்லாத ஆளை எப்படித் தூக்கிப்போவது என்று அதிகாரியை எழுப்பிக் கேட்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது.

உடலை வாங்க மாட்டேன் என்று குந்தவை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தாள். மூன்று நாள். திருவையாற்றிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தியாகராசன் படம் போட்ட தட்டி வைத்தார்கள். பஸ் மறித்தார்கள். டாக்டர்கள் வீடியோ எடுத்துக்கொண்டு உடலை அறுத்தார்கள். சப்-இன்ஸ்பெக்டரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். தட்டியில் இருந்த படத்தில் தம்பி கோட்டுப் போட்டிருந்தான். அந்தப் படத்தின் கீழே நின்று அமிர்தலிங்கம் கூட்டத்தைப் பார்த்தார். நான் செத்தால் இதில் பாதியாவது வருமா என்று மனசு கணக்குப் போட்டது. போட்ட பிறகுதான் என்ன நினைத்தோம் என்பது உறைத்தது. தண்ணீர்க் குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தார். அண்ணன் தாங்க முடியாமல் தவிக்கிறார் என்று இரண்டு பேர் அவர் முதுகைத் தடவிவிட்டார்கள்.

மாஜிஸ்திரேட் விசாரணைக்கு அவரைக் கூப்பிட்டது பத்தாம் நாள். கோர்ட் வளாகத்துப் புங்க மரத்தடியில் ரைட்டர் காத்திருந்தார், சாதாரண உடுப்பில்.

"உங்க தம்பி சம்சாரம் நேத்தே உள்ள போயி சொல்லிருச்சுண்ணே. மாமா மாத்திரை குடுத்து முழுங்க வெச்சாரு, போலீசு அடிச்சதுலதான் வலிப்பு வந்துச்சுன்னு. நீங்க என்ன பண்றீங்க, தம்பி சம்சாரம் எங்கிட்ட மாத்திரையே குடுக்கலைன்னு சொல்லிருங்க. தம்பி ஏதோ தகராறுல சமாதானம் பேச அவராவே ஸ்டேஷனுக்கு வந்தாரு. அவ்வளவுதான். பொம்பள பேச்சு, துக்கத்துல ஒளறுதுன்னு போயிரும். புகார் சொன்னது யாருன்னு நாங்களும் வாயைத் தொறக்க மாட்டோம். கேஸே இல்லையே, யாரு நிரூபிக்கிறது?"

வராந்தாவில் குந்தவை இருந்தாள். வக்கீல் ஒருவர் அவளுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். அமிர்தலிங்கத்தைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். "நீங்க உக்காருங்க மாமா. நீங்க மட்டும் அன்னைக்கு அலைஞ்சீங்க" என்றாள். அவர் உட்காரவில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மாஜிஸ்திரேட் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். மின்விசிறிக் காற்றில் பேப்பர் பறக்காமல் இருக்க மூக்குக் கண்ணாடிக் கூட்டை அதன் மேல் வைத்திருந்தார். பக்கத்தில் தட்டச்சர். உங்கள் தம்பி எப்படி ஸ்டேஷனுக்குப் போனார் என்று கேட்டார்.

அமிர்தலிங்கம் வாயைத் திறந்தார். ரைட்டர் சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொன்னால் நாளைக்கு ஊர் குந்தவையைப் பொய்க்காரி என்று சொல்லும். தம்பி பேருக்கும் கொஞ்சம் கறை விழும். அந்தக் கடைசி எண்ணத்தில் மனசின் ஓரத்தில் ஒரு குளிர்ச்சி பட்டது. பத்து நாளாக எத்தனை தலைமுழுகியும் போகாதது அது. அதைத் தெரிந்துகொண்டதும் அவருக்குத் தன் மேலேயே பயம் வந்தது.

"நான்தாங்கம்மா பிடிச்சு வெக்கச் சொன்னேன்" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தம்பி விட்ட தண்ணீர், எலி துளைத்த வரப்பு, ஓங்காத அரிவாள், டாக்டர் சீட்டு, வலது பக்கம் திரும்பிய வண்டி, வீட்டில் சொன்ன பொய், மறுநாள் கட்டிக்கொண்ட பரிவட்டம். தட்டச்சரின் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மாஜிஸ்திரேட் நடுவில் ஒரே ஒரு முறை நிறுத்தினார்.

"கேஸ் வேண்டாம்னு நீங்களே சொன்னீங்களா?"

"ஆமாங்கம்மா. அவனுக்கு நல்லதுன்னு."

"கேஸ் போட்டுக் கைது பண்ணியிருந்தா முதல்ல டாக்டர்கிட்ட காட்டியிருக்கணும். என்ன வியாதி, என்ன மாத்திரைன்னு அங்கயே எழுதியிருப்பாங்க. வீட்டுக்குத் தகவல் எழுத்துல குடுக்கணும். மறுநாளுக்குள்ள என் முன்னாடி நிறுத்தணும். போலீஸ் செஞ்சிருப்பாங்களா மாட்டாங்களாங்கறது வேற. செய்யலைன்னா கேக்கறதுக்காவது ஒரு காகிதம் இருந்திருக்கும்." அவர் குரலை உயர்த்தவில்லை. "உங்க ஊர்ல இப்படி உக்கார வெக்கறது வழக்கமா?"

"எல்லாரும் செய்வோங்கம்மா. போன வருசம் கமிட்டித் தலைவரே மருமகனை ரெண்டு நாள் வெச்சாரு. திரும்பி வந்தவன் எல்லாம் உசுரோட வந்தான், அதனால யாரும் யோசிக்கலை."

"உங்க தம்பிதானே. உங்களுக்குத் தண்ணி விட்டவர். எதுக்காகப் பிடிச்சு வெக்கச் சொன்னீங்க?"

அமிர்தலிங்கம் ஜன்னல் பக்கம் பார்த்தார். வராந்தாக் கூட்டம் தெரிந்தது.

"பொறாமைங்கம்மா."

தட்டச்சர் நிறுத்திவிட்டார். பரிவட்டத் தகராறு காரணமாக என்று போட்டுக்கொள்ளட்டுமா என்று மாஜிஸ்திரேட்டிடம் கேட்டார்.

"தகராறு எதுவும் இல்லீங்க" என்றார் அமிர்தலிங்கம். "அவன் எங்கிட்ட ஒரு நாளும் சண்டைக்கு வந்ததில்லை. பொறாமைன்னே போடுங்க. அவன் வயலு மேல, அவனைத் தேடி வர்ற ஜனத்து மேல. இப்ப வெளிய அவனுக்காக நிக்கிதே, அந்தக் கூட்டத்து மேலயும்தான்."

மாஜிஸ்திரேட் தலையசைத்தார். தட்டச்சர் அடித்தார்.

அடித்ததைப் படித்துக் காட்டினார்கள். முதல் வரியில், மேற்படி இறந்த நபர் என்று வந்தது. அமிர்தலிங்கம் கையைத் தூக்கினார்.

"பேரைப் போடுங்கய்யா. தியாகராசன். ஸ்டேஷன்லதான் எங்கயும் எழுதாம விட்டாங்க."

தட்டச்சர் அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி அடித்தார். அமிர்தலிங்கம் கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டு வாங்கினார்.