சிறிதாக்கினால் தெரிவது

அலுவலகத்தில் அவளுக்கு எறும்பு என்று பெயர். பெரிய பலகையில் பளிச்சென்று இருக்கும் லோகோ, கைப்பேசியின் மூலையில் ஈ உட்கார்ந்த கறையாகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

நீச்சல் பள்ளி தொடங்கவிருந்த ஒரு தம்பதி அவளிடம் வந்தார்கள். ஆற்றோடு போன தங்கள் ஒரே மகளின் முகம்தான் சின்னமாக வேண்டும் என்றார்கள். புகைப்படத்தில் அந்தச் சிறுமி ரெட்டை ஜடையோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வரைந்து சிறிதாக்கியதும் பற்கள் கறுப்புத் திட்டாகின. எடுத்தாள். உதட்டையும் எடுத்தாள்.

"கண்ணையுமாம்மா எடுத்துட்டே?" என்றாள் தாய்.

"வெச்சா அழுக்கு ஒட்டின மாதிரி தெரியும்க்கா. ஜடை போதும், சின்னப் பொண்ணுன்னு புரிஞ்சிடும்."

தாய் திரையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

கடைசியில் ஒரு வட்டமும், துள்ளி மேலெழும்பிய இரண்டு ஜடைகளும், அடியில் ஒரு நீர்க்கோடும் மிஞ்சின. ஜடைகள் ஒட்டாமலிருக்க இடைவெளியைக் கூட்டி, அதை அவர்களுக்கு அனுப்பிவைத்தாள். பிறகுதான் நகக்கண் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தாள். பெரிதில் துள்ளிக் குதிக்கும் சிறுமி. சிறிதில் ஒரு தலை தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருக்க, இரண்டு கைகள் மேலே நீண்டிருந்தன.

பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "நல்லாத்தானே இருக்கு?" என்று போய்விட்டான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஜடைகளைத் தோளுக்கு இறக்கி, நீர்க்கோட்டை அழித்து, புதிதாக அனுப்பினாள்.

மறுநாள் தகப்பன் தனியாக வந்தார். அவர் கைப்பேசியில் பள்ளியின் எண்ணுக்குப் பக்கத்தில் பழைய சின்னம் குட்டியாக இருந்தது.

"நீயும் பாத்தியாம்மா? அதான் மாத்தினியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"கரையில நின்னு நான் கடைசியா பாத்தது இதுதான். எனக்கு நீச்சல் தெரியாது. நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு அவ அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"அழிச்சிடட்டுமா சார்?"

"உன்கிட்ட இருக்கறதை அழிச்சிடு. என்னோடது இருக்கட்டும்."

அழித்தாள். ஆனால் அதற்கப்புறம் மருந்து அட்டையோ சட்டைப் பொத்தானோ, எதில் பொடிச் சின்னத்தைக் கண்டாலும் அவளுக்குக் கைகள்தான் தெரிந்தன.

பள்ளி திறந்த அன்று முதல் ஆளாகத் தாய்தான் தண்ணீரில் இறங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தாள். "ஏங்க, இங்க பாருங்களேன்!"

தகப்பன் வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தார். திறப்புக்கு வந்திருந்த எறும்பு போய் அவர் பக்கத்தில் நின்றாள். உள்ளே தண்ணீர் அடிபடும்போதெல்லாம் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"கூப்பிடறாங்க சார்."

"கேக்குதும்மா," என்றார். திரும்பவில்லை.