பின் சீற்றின் அபிப்பிராயம்

சட்டைக் கொலரில் கொளுவியிருந்த குட்டி மைக்கைக் கிறகோரி மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"அங்கிள், மைக்கைப் பாக்காதேங்கோ. என்னைப் பாத்துக் கதையுங்கோ," என்றாள் கோபிகா.

அரியாலைப் பெட்டை. கைபேசியை ஒரு நீளத் தடியில் பூட்டிக்கொண்டு திரிகிறவள். சாப்பாட்டுக் கடை, கோயில் திருவிழா என்று ஊர் முழுக்க வீடியோ போட்டுக்கொண்டிருக்க, இவள் வாகனங்களைப் பிடித்துக்கொண்டாள். அதில் பெயரும் எடுத்துவிட்டாள். ஆவணி வெயிலில் கடல்நீர் வற்றி, உப்புப் பூத்துக் கிடந்த கிழக்கு அரியாலைத் தரவையில் இன்றைக்கு இரண்டு ஜீப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். ஒரே பெயர், ஒரே கம்பனி. ஒன்று கிறகோரியுடையது, முப்பது வயது கடந்தது. மற்றது வாகன இறக்குமதியை அரசாங்கம் திறந்துவிட்ட பிறகு வந்திறங்கிய புது உருவம், லியோனுடையது. பழையதின் சொந்தக்காரரும் புதியதின் சொந்தக்காரரும் மனதில் இருப்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றுதான் அவள் கூப்பிட்டிருந்தாள்.

பழைய ஜீப் வைத்திருக்கிற ஆளிடம் ஜீப்பைப் பற்றிக் கேட்பதைப் போல மடைத்தனம் வேறில்லை. அன்றைய பொழுது போய்விடும். கிறகோரியும் மைக்கை மறந்ததும் பிடித்துக்கொண்டார். "இது பொத்தானுக்கு ஓடுற வாகனமில்லை, பிள்ளை. இஞ்சை பார், இதுதான் குட்டிக் கியர். கையாலை இழுத்துப் போட்டால் நாலு சில்லும் பிடிக்கும். பிடிச்சது கைக்குத் தெரியும். உவன்ரையிலை ஒரு குமிழைத் திருப்பிப்போட்டு, ரீவியிலை எழுத்து வருதோ எண்டு பாத்துக்கொண்டு இருக்கவேணும்."

லியோன் சிரித்தான். அவனும் கிறகோரியைப் போலக் குருநகர்தான். இருபது வருசம் பிரான்சில் இருந்துவிட்டு வந்து, சுற்றுலாக்காரருக்கு அறை வாடகைக்கு விடுகிறான். "அண்ணை சொல்லுறது சரிதான். ஆனா உதிலை பருத்தித்துறைக்குப் போட்டு வந்தால் அடுத்த நாள் நாரி பிடிச்சு நிமிரேலாது. இதிலை தேத்தண்ணிக் கோப்பையைக் கையிலை வைச்சுக்கொண்டு போகலாம்."

"உன்ரை பழுதானால் கொழும்பிலையிருந்து ஒருத்தன் கொம்பியூட்டரோடை வரவேணும். என்ரை பழுதானால் ஒரு சுத்தியல் காணும்."

கோபிகாவுக்குச் சந்தோஷம். இப்படி இரண்டு பேர் கொழுவிக்கொண்டால்தான் வீடியோவைப் பார்ப்பார்கள். இன்னும் கொஞ்சம் கொழுவட்டும் என்று தடியைக் கிட்டே நீட்டினாள். கிறகோரி அடுத்ததாக ஜீப்பைத் தாங்கும் இரும்பு வில்லுக்குப் போனார். நண்டு வியாபாரம் அவருக்கு. பருத்தித்துறையிலும் மற்றக் கரைகளிலும் நண்டு எடுத்து, ஐஸ் பெட்டியில் போட்டுக் கம்பனிக்குக் கொடுக்கிறவர். பாரம் தாங்க வேண்டும் என்று பின்பக்க வில்லில் லொறித் தகடு இரண்டு கூடுதலாக அடித்து வைத்திருந்தார். எத்தனை பெட்டி ஏற்றினாலும் பின்பக்கம் ஓர் அங்குலம் பதியாது. அதை அவர் எல்லாருக்கும் காட்டுவார். இப்போதும் மண்ணில் குந்தியிருந்து, கோபிகாவையும் குந்த வைத்துக் காட்டினார்.

அந்தத் தகடுகளுக்கு நேர்மேலே, பின் சீற்றில், அவருடைய மனுசி மக்டலீன் சரிந்து கிடந்தாள்.

காலையில் ஆசுப்பத்திரிக்குப் போய், மருந்து ஏற்றிக்கொண்டு வருகிற வழி. குருநகரைத் தாண்டித்தான் அரியாலைக்கு வரவேண்டும். வீட்டடியில் இறக்கிவிட்டு வந்திருக்கலாம். மகள் றொசாந்தி கட்டிக்கொண்டு நீர்கொழும்புக்குப் போன பிறகு வீட்டில் யாரும் இல்லை. "தனியக் கிடந்து முகட்டைப் பாக்கிறதைவிட நானும் வாறன்," என்று அவள் சொல்ல, அவர் சரி என்றார். களைத்திருப்பாளே என்று அவருக்குத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் அவருக்கு எதுவும் தோன்றுவதில்லை. பங்குனி மாதத்தில் டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு இருவரையும் இருத்தி வைத்து விசயத்தைச் சொன்ன நாளிலிருந்து அப்படித்தான். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல இருந்தது. தொட்டால் தொடுவது தெரிகிறது, ஆனால் வேறு யாருடையதோ போல. அழுகை வரும் என்று பார்த்தார், வரவில்லை. பூசையில் பாதிரியார் அவளுடைய பெயரைச் சொல்லி வேண்டியபோதும், றொசாந்தி போனில் விக்கி விக்கி அழுதபோதும் அவர் நண்டின் விலையை நினைத்துக்கொண்டு நின்றார். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் தூரத்தில்தான் இருந்தது.

வாய் மட்டும் ஓயவில்லை. கிழமைக்கு ஒருமுறை ஆசுப்பத்திரிக்குப் போகும்போது ஸ்ரியரிங்கைப் பிடித்த கணத்திலிருந்து ஜீப்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டே போவார். கிளச் இப்படி, டீசல் பம்ப் அப்படி, மருதனார்மடத்துக் கராச்காரன் இதற்கு என்ன விலை கேட்டான், தான் ஏன் கொடுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் மக்டலீன் செபமாலையை உருட்டிக்கொண்டு கிடப்பாள். உதடு அசைந்துகொண்டேயிருக்கும். முன்பெல்லாம் மாதா நாளுக்கு மட்டும் கோயிலுக்குப் போன மனுசி, வருத்தம் வந்த பிறகு இப்படிப் பக்தியாகிவிட்டாளே என்று நினைத்துக்கொள்வார்.

கோபிகா எழும்பும்போதுதான் உள்ளே ஆள் இருப்பதைக் கண்டாள். "அன்ரி, நீங்களும் இருக்கிறியளோ! பழசு எப்பிடி அன்ரி?"

"நல்லம், பிள்ளை."

"சத்தமாச் சொல்லுங்கோ."

"நல்ல வாகனம்," என்றாள் மக்டலீன்.

கிறகோரி லியோனைப் பார்த்தார். சொன்னேனா இல்லையா என்ற பார்வை. "வருத்தக்கார மனுசி. நாலைஞ்சு மாசமா இதிலைதான் கொண்டு திரியிறன். ஒரு நாள் ஒரு முறைப்பாடு வந்ததில்லை. இதுக்கு மிஞ்சி என்ன சாட்சி வேணும்?"

லியோன் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். கோபிகாவுக்கோ யோசனை பிறந்துவிட்டது. எல்லாரும் ஓட்டுகிறவனைத்தான் கேட்கிறார்கள், பின் சீற்றில் இருக்கிறவரை யாரும் கேட்பதில்லை, அன்ரி புதியதில் ஒருமுறை ஏறிப் பார்த்துச் சொன்னால் இந்த வீடியோ எங்கேயோ போய்விடும் என்றாள். மக்டலீன் புருசனைப் பார்த்தாள். "போய்ப் பாருமன், உதுக்கென்ன," என்றார் கிறகோரி. தோற்கப்போவதில்லை என்ற தெம்பு.

கோபிகா கையைப் பிடித்து இறக்கி, புதியதில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள். கதவு மெத்தென்று சாத்திக்கொண்டது. கிறகோரி தன் ஜீப்பில் சாய்ந்துகொண்டு பார்த்தார். லியோன் தரவையைச் சுற்றி ஜீப்பை ஓட்டினான். மழைக்காலத்தில் மாடுகள் மிதித்துக் காய்ந்த குழிகளுக்குள்ளாலும், பழைய வரம்பொன்றின் மேலாலும் ஓட்டினான். சில்லுகள் தனித்தனியே ஏறி இறங்க, மேல் உடம்பு மட்டம் குலையாமல் போனது. நல்ல வேலைப்பாடு என்று கிறகோரியின் ஒரு பக்க மூளை ஒப்புக்கொண்டது. அந்த மண்ணில் இதெல்லாம் எத்தனை நாளைக்கு, உப்புக் காற்றில் வயர்கள் என்ன பாடுபடும் என்று மறுபக்கம் சண்டைக்கு ஆயத்தமானது.

திரும்பி வந்து நின்ற ஜீப்பிலிருந்து யாரும் உடனே இறங்கவில்லை. பிறகு லியோன் கண்ணாடியைப் பாதி இறக்கி, விரலை உதட்டில் வைத்தான். "அக்கா நித்திரை."

கோபிகா ஓசைப்படாமல் இறங்கினாள். ஏசி நிற்கக்கூடாது என்று எஞ்சினை ஓடவிட்டு லியோனும் இறங்கினான். கிறகோரி கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்திருக்க, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, மக்டலீன் ஆழ்ந்து கிடந்தாள். செபமாலை மடியிலிருந்து நழுவிச் சீற்றில் கிடந்தது. இரவில் அவள் நித்திரை கொள்வதில்லை. குளிசை கொடுத்திருக்கிறார்கள், போட்டும் முழித்துக்கொண்டுதான் கிடப்பாள். அவளுடைய முகம் இப்படி இருக்கும் என்பதை அவர் மறந்தே போயிருந்தார். புருவங்களுக்கு நடுவே இருக்கும் சுருக்கத்தைக் காணவில்லை. அது வயதுக்கு வந்த சுருக்கம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணாடியில் பட்ட தன் மூச்சைச் சட்டைக் கையால் துடைத்தார்.

மூன்று பேரும் வெயிலில் நின்றார்கள். வெகுநேரம் கழித்து, தூரத்தில் யாரோ வள்ளத்து எஞ்சினை இழுத்து ஸ்ராட் பண்ணிய சத்தத்தில் மக்டலீன் கண் திறந்தாள். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு சேலையைச் சரிசெய்தாள்.

"அன்ரி, புதுசு எப்பிடி?" கோபிகா தடியை நீட்டினாள்.

"என்னத்தைச் சொல்ல, பிள்ளை. செபம் சொல்லவும் மறந்துபோனன்."

"மற்றதிலை சொல்லுவியளோ?"

"பள்ளத்துக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. ஆசுப்பத்திரி வாசலுக்குப் போக முழுச் செபமாலையும் முடிஞ்சிடும்." சொல்லிவிட்டு மக்டலீன் சிரித்தாள். பகிடி என்று கோபிகாவும் சிரித்தாள். லியோன் சிரிக்கவில்லை.

கிறகோரியிடம் கடைசி வார்த்தை கேட்க வேண்டியிருந்தது. அதுதான் வீடியோவின் முடிவு. பழசா, புதுசா. கிறகோரி கைபேசியைப் பார்த்தார். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது. காலையில் வரும்போதே மனதில் அடுக்கிக்கொண்டு வந்தார். குட்டிக் கியர், சுத்தியல், உப்புக் காற்று.

"புதுசிலை என்ரை மனுசி நித்திரை கொண்டவ," என்றார்.

"அவ்வளவுதானோ, அங்கிள்?"

"அவ்வளவுதான்." மைக்கைக் கழற்றி அவளுடைய கையில் வைத்தார்.

புறப்படும்போது லியோன் கிட்ட வந்து, "அண்ணை, வாற கிழமை அக்காவை நான் கொண்டுபோறன். எனக்கு ஒரு வேலையும் இல்லை," என்றான். "பாப்பம்," என்றார் கிறகோரி. குருநகரில் பாப்பம் என்று சொன்னால் அந்தக் கதை அதோடு முடிந்தது என்பது லியோனுக்கும் தெரியும். அவன் வற்புறுத்தவில்லை.

தரவையிலிருந்து ஒழுங்கைக்கு ஏறும் இடத்தில் ஜீப் தூக்கிப்போட்டது. கிறகோரி கண்ணாடியைப் பார்த்தார். மக்டலீனின் கண்கள் மூடியிருந்தன, உதடு அசைந்தது. அடுத்தது ஒரு மதகு. உதடு அசைந்தது. கியரை இரண்டுக்குக் குறைத்தார். அதற்கும் தூக்கிப்போட்டது. கூடுதல் தகடு அடித்த பின்பக்கம், பாரமில்லாவிட்டால், எவ்வளவு மெதுவாகப் போனாலும் தூக்கிப்போடும் என்பது அவருக்குத் தெரியாததா? கிளச்சைப் பற்றியோ டீசல் பம்பைப் பற்றியோ ஒரு சொல்லும் வாயில் வரவில்லை.

"என்னப்பா, கதைக்காமல் வாறியள்?" என்றாள் பின்னாலிருந்து.

பூட்டிக் கிடந்த கடையொன்றின் முன்னால் ஓரங்கட்டினார். எஞ்சினை நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமல், ஸ்ரியரிங்கைப் பார்த்தபடியே கேட்டார்.

"நோகுதோ உமக்கு?"

இத்தனை மாதத்தில் அவர் அதைக் கேட்டதில்லை. டொக்டர் கேட்டிருக்கிறார், தாதிமார் கேட்டிருக்கிறார்கள், றொசாந்தி நாள்தோறும் போனில் கேட்கிறாள்.

"ஓம்," என்றாள் மக்டலீன்.

"இதுக்குள்ளை இருக்கேக்கை?"

"ஓம். எலும்பெல்லாம்."

"ஏனப்பா சொல்லேல்லை?"

அவள் சைக்கிளொன்று கடந்து போகும்வரை பார்த்திருந்தாள். "நீங்கள் இதைப் பற்றித்தானே கதைக்கிறியள். வேறை ஒண்டும் கதைக்கிறதில்லை. நான் நோகுது எண்டு சொல்ல, நீங்கள் உந்தக் கதையையும் விட்டிட்டால், பிறகு நான் ஆரின்ரை குரலைக் கேட்டுக்கொண்டு போறது?"

இப்போதாவது அழுகை வரும் என்று கிறகோரி காத்திருந்தார். கண் காய்ந்துதான் கிடந்தது. கை மட்டும் கதவைத் திறந்தது. நாளைக்குக் கராச்சுக்குப் போய் அந்த இரண்டு தகட்டையும் கழற்றிவிடலாம். அது நாளைக்கு. குருநகர் வரைக்கும் இன்றைக்குப் போக வேண்டுமே.

இறங்கி, முன் சில்லடியில் முழங்காலில் இருந்தார். வால்வின் மூடியைத் திருகிக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, ஸ்ராட் பண்ணும் திறப்பின் நுனியால் வால்வின் நடுவில் இருந்த ஊசியை அமத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. மணற்காட்டுப் பக்கம் போகிறவர்கள் மணலில் புதையாமல் இருக்க இப்படி இறக்குவார்கள். ரயர் மெத்தென்று ஆகும். தார் வீதியில் யாரும் இதைச் செய்வதில்லை. ரயர் சூடேறி, பக்கம் வெடித்துப் பாழாகும் என்று எத்தனையோ பேருக்கு அவரே பிரசங்கம் வைத்திருக்கிறார். மற்ற முன் சில்லுக்குப் போனார். பிறகு அவள் இருந்த பக்கம் பின்னுக்கு வந்தார்.

"அண்ணை, உங்கடை ரயரிலை காத்துப் போகுது!" என்று மோட்டார் சைக்கிளில் போன ஒருத்தன் கத்தினான். கிறகோரி கையைக் காட்டினார், போ என்று.

"என்னப்பா செய்யிறியள்?" மக்டலீன் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறும்."

திறப்பை அமத்திப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். அவள் ஜன்னல் விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு, அவர் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீறல் மெல்ல மெல்லத் தணிய, ஜீப்பின் பின்பக்கம் பதிந்தது. அவளுடைய முகம் ஒரு விரற்கடை இறங்கி, அவருக்குக் கிட்ட வந்தது.