நடுவில் படாத அடி

"சார், இதை நீங்களே அடிச்சுக் காட்டுங்க."

 சோதனைக்கூடத்தில் மட்டை வீசும் ரோபோவை ஓட்டும் மெஷின்காரர் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தபடியே நின்றுவிட்டார்.

கோல்ஃப் மட்டை செய்யும் அந்தக் கம்பெனியில் தலைமை வடிவமைப்பாளரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். லீவு கேட்கலாம், சம்பள உயர்வு கேட்டுத் திட்டு வாங்கலாம். அடித்துக் காட்டச் சொல்ல மட்டும் கூடாது. சோதனைப் பொறியாளராக அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மெஷின்காரர் இதைக் காதில் போட்டுவைத்திருந்தார். சார் ஒரு காலத்தில் பெரிய போட்டிகளில் ஆடிக் கோப்பை வாங்கியவர். இடது மணிக்கட்டில் கத்தி வைத்தபின் ஆட்டம் போயிற்று. பத்து வருடமாக யார் கண்ணெதிரிலும் அவர் மட்டையை வீசியதில்லை.

அதெல்லாம் தெரிந்துதான் கேட்டாள். எதற்கும் மேல்முறையீடு செய்கிறவள் என்று ஆபீசில் அவளுக்கு 'அப்பீல்' என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

விஷயம் இதுதான். டிரைவர் என்பது ஆட்டத்தின் முதல் அடிக்கான மட்டை. பந்தைத் தொலைதூரம் அனுப்பவென்றே பெரிய தலை வைத்தது. தலை பார்க்கத்தான் பெரிசு, உள்ளே வெறும் கூடு. மொத்தம் இருநூறு கிராம். அதில் ஒரு பத்துப் பன்னிரண்டு கிராமை எங்கே ஒளித்துவைக்கிறோம் என்பதில்தான் பந்தின் தலையெழுத்தே இருக்கிறது. சார் இந்த வருட மாடலில் அந்த எடையை முன்னால், பந்தைத் தொடும் முகத்தை ஒட்டித் தள்ளியிருந்தார். பந்தின் பின்சுழற்சி குறைந்தது. காற்றில் எழும்பி நின்று வீணாகாமல் தாழ்ந்து பறந்தது, விழுந்த பிறகும் ஓடியது. பழைய மாடலைவிடப் பதின்மூன்று மீட்டர் அதிகம் என்றது ரோபோ.

ரோபோ பொய் சொல்லவில்லை. ஆனால் ரோபோ தவறவும் செய்யாது. ஆயிரம் முறை அடித்தாலும் முகத்தின் நட்டநடுவில் ஒரே புள்ளியில் அடிக்கும். சோதனைப் படிவத்தில் 'அடி பட்ட இடம்' என்ற கட்டத்துக்குள் 'நடு' என்று அச்சடித்தே வைத்திருந்தார்கள். பேனா பிடிக்கிற சிரமம்கூட வேண்டாம் என்று யாரோ ஒரு புண்ணியவான் செய்த ஏற்பாடு. அதைப் பார்த்த அன்றைக்கே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசு கொடுத்து வாங்குகிறவன் நடுவிலா அடிக்கிறான்?

மூன்று நாள் மதிய இடைவேளையில் மெஷின்காரரை நச்சரித்து, பந்தை இரண்டு சென்டிமீட்டர் தலையின் நுனிப்பக்கம் தள்ளிவைத்து அடிக்கச் செய்தாள். தன் தலை போனால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று புலம்பிக்கொண்டே அவர் செய்தார். நுனியில் பட்டதும் சாரின் மட்டை திருகிக்கொண்டது. முகம் வலப்பக்கம் திரும்பி, பந்தும் அந்தப் பக்கமே கிளம்பியது. கிளம்பியது கிளம்பியதுதான், திரும்பவேயில்லை. தூரமும் முப்பது மீட்டர் குறைந்துபோயிற்று. எடையைப் பின்கோடிக்குக் கொண்டுபோய் அவள் செய்துவைத்திருந்த மாதிரி மட்டை அப்படித் திருகவில்லை. அதிலும் பந்து வலப்பக்கம்தான் கிளம்பியது. ஆனால் பக்கச் சுழற்சி பிடித்து வளைந்து, போன பிள்ளை வீடு திரும்புவதுபோல நடுவுக்கு வந்து விழுந்தது. நடுவில் அடித்தால் மட்டும் சாருடையதைவிட ஒன்பது மீட்டர் குறைவு.

கணக்கைக் கொண்டுபோய்க் காட்டியபோது சார் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. நடுவில் அடிக்கத் தெரியாதவன் முதலில் போய்ப் பழகட்டும் என்றார். இவள் வீட்டில் யாராவது ஆயுசில் ஒரு கோல்ஃப் பந்தையாவது தொட்டிருக்கிறார்களா என்றும் கேட்டார். தொட்டதில்லை. அப்பா கிடங்கில் மூட்டை இறக்குகிறவர். அவள் வீட்டில் கையெழுத்து என்றால் அடுத்தவன் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் போடுவது. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர் யாருமில்லை. இன்று அந்தப் படிவத்தின் அடியில் அவள் கையெழுத்து வேண்டும். போட்டால் அடுத்த கட்டிடத்தில் மட்டைத்தலை வார்க்கும் அச்சுகளைச் செய்யும் அச்சுப் பட்டறை நாளைக் காலை உருக்கை வெட்டத் தொடங்கும். அவள் வேலையும் நிரந்தரமாகும். நேற்றே அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

சார் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"பவுடர் தடவு" என்றார் மெஷின்காரரிடம்.

மட்டையின் முகத்தில் வெள்ளைப் பவுடர் தடவினால் பந்து எங்கே பட்டது என்று தடம் விழும். மெஷின்காரர் தடவிக் கொடுத்தார். சார் கால்களை அகட்டி நின்ற விதத்திலேயே பழைய ஆள் தெரிந்தார். தோள் திரும்பியது, இடுப்பு திரும்பியது, எல்லாம் எண்ணெய் போட்டதுபோல ஓடிவந்து கடைசியில் அந்த மணிக்கட்டில் மட்டும் ஒரு தயக்கம். நுனியில் பட்டது. பந்தின் பாதையைக் கணக்கிட்டுக் காட்டும் திரையில் கோடு வலப்பக்கம் போய் ஒரேயடியாக வெளியே விழுந்தது. பத்துப் பந்து அடித்தார். வெள்ளையில் பத்துத் தடம்; இரண்டுதான் நடுவில்.

 ஒரு மனுஷனின் புண்ணில் விரலை விட்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் விரலை எடுக்க மனம் வரவில்லை.

"உன்னோடதக் குடு" என்றார் அவரே.

ஐந்து பந்து. தடங்கள் அதே நுனியில்தான். கோடுகள் மட்டும் வலப்பக்கம் கிளம்பி வளைந்து நடுப்பட்டைக்குள் வந்து விழுந்தன. நான்காவது பந்தில் அவர் தன்னை மறந்து சிரித்தேவிட்டார். மெஷின்காரர் பூரித்துப்போய்ச் சாரின் பழைய ஆட்டம் ஒன்றைப் பற்றிப் பேச வாயெடுத்தார். சார் மட்டையை மேசையில் வைத்துவிட்டு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

"நீ சொன்னது சரி" என்றார்.

அவளுக்கு உடம்பெல்லாம் ஒருமுறை சிலிர்த்தது. அது அடங்குவதற்குள் அவர் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். விளம்பரம் எல்லாம் முடிந்துவிட்டது, பதின்மூன்று மீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டாகிவிட்டது என்றார். ரோபோ சோதனை ரோபோ சோதனைதான், அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அடுத்த வருடம் அவளுடைய மாடல் வரும்; அவளே அதற்குப் பொறுப்பு.

"இப்ப கையெழுத்துப் போடும்மா. நல்ல வாய்ப்பு, கெடுத்துக்காதே."

மெஷின்காரர் பின்னாலிருந்து, போட்டுவிடு தாயே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

சரி என்று ஒப்புக்கொண்ட வாய் மூடக்கூட இல்லை, அதற்குள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறது. மறுத்துப் பேசியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

"சார், இப்ப நீங்க அடிச்ச பதினஞ்சும் இதுல வருமா?"

"அது சோதனை இல்ல."

"அப்புறம் எதுக்கு நான் ரெண்டு வருஷமா இங்க நிக்கிறேன்? ரோபோவா கடைக்கு வந்து மட்டை வாங்குது?"

வாயை அடக்கச் சொன்னார். இந்த வாயோடு வேறு எந்தக் கம்பெனியிலும் குப்பை கொட்ட முடியாது என்றார்.  அவள் பேனாவை எடுத்தாள். அவர் முகம் தளர்ந்தது. அச்சடித்திருந்த 'நடு'வை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் 'நுனி, பத்தில் எட்டு' என்று எழுதினாள். முடிவு என்ற இடத்தில் 'தேறவில்லை'. அடியில் கையெழுத்தை முழுசாக, ஒரு எழுத்து விடாமல் போட்டாள்.

"நாளைக்கு நீ இங்க இருக்க மாட்டே" என்றார் அவர். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"தெரியும் சார். ஆனா இன்னைக்கு இருக்கேன்."

தேறவில்லை என்ற படிவம் கைக்கு வந்துவிட்டால் மறுசோதனை இல்லாமல் பட்டறைக்காரர் உருக்கைத் தொட மாட்டார். அது சாரே போட்ட சட்டம். மேசையில் விட்டுப் போனால் அது குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். அவள் படிவத்தை மடிக்காமல் கையில் எடுத்துக்கொண்டாள். மெஷின்காரர் அவளைத் தடுக்கிறாரா வழிவிடுகிறாரா என்று அவருக்கே தெரியாதபடி ஒரு எட்டு வைத்தார்.

"நகருங்கண்ணே" என்றாள்.

அவர் நகர்ந்தார். அவள் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அச்சுப் பட்டறைப் பக்கம் நடந்தாள்.