மூன்று முறை பார்த்த தெரு

வெங்கடலட்சுமியின் டிபன் கடையில் இரண்டாவது தோசையைப் பிட்டபோதுதான், எதிர்ச் சுவரில் புதிதாக ஒட்டியிருந்த அறிவிப்பு தரணியின் கண்ணில் பட்டது. சித்தூர் நகர மையத்தைப் புதுப்பிக்கும் வரைவுத் திட்டம். பாதிக்கு மேல் கடைகள் மூடிக் கிடக்கும் தெருக்களில் பழைய கட்டிடங்களை இடித்துவிட்டு, வண்டி நிறுத்தும் மாடியும் வணிக வளாகமும் கட்டுவார்களாம். பட்டியலில் முதலில் இருந்தது இந்த வளையல்காரத் தெருதான். மொத்தக் கடைகள் 64. மூடியவை 41. ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் அவகாசம்.

நாற்பத்தொன்று அவள் போட்ட எண்.

தரணிக்கு ஊர் நாகலாபுரம். இந்தத் திட்டத்துக்காகக் கடைகளைக் கணக்கெடுத்த ஒரு தனியார் கம்பெனியில் ஒப்பந்த வேலை. ஒவ்வொரு தெருவையும் மூன்று வெவ்வேறு நாட்களில் பார்த்து, மூடிய கடைகளைப் படத்தோடு செயலியில் ஏற்ற வேண்டும். பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை அவளுக்கு மூன்று தெருக்கள் கொடுத்தார்கள். வெயிலுக்குத் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, சாத்திய ஷட்டர்களை வரிசையாகப் படமெடுத்தாள். மறுவாரம் காய்ச்சல். மேற்பார்வையாளர் ஜெயபிரகாஷ் விடாமல் போன் செய்தார். அவள் படுத்தபடியே அதே படங்களை இரண்டாம் தடவைக்கும் மூன்றாம் தடவைக்கும் ஏற்றினாள். செயலி எதுவும் கேட்காமல், ஏற்றிய நாட்களையே பார்த்த நாட்களாகப் பதிந்துகொண்டது. பிறகு அவளுக்கு ஆபீஸ் வேலை வந்தது. இரண்டு மாதமாக மத்தியானச் சாப்பாடு இந்தக் கடையில்தான்.

“இன்னாம்மா, துன்னாம சுவத்தயே பாத்துக்கினு கீற?” என்றாள் வெங்கடலட்சுமி.

“இந்தத் தெருவுல அவ்ளோ கடையா மூடிக் கெடக்குது, அக்கா?”

“அஞ்சு கடை இருந்தா அதிகம். வியாபாரிங்க சங்கத் தலைவர் திருவேங்கடம் செத்தாரே, அன்னிக்கு சங்கத்துக்காரங்க எல்லாரும் சாத்திட்டு புத்தலப்பட்டுக்குச் சாவுக்குப் போயிட்டோம். அந்த நாளா பாத்து எவளோ வந்து எழுதிக்கினு போயிருக்கிறா. தேடிக்கினு இருக்காங்க.”

தரணி பிட்ட தோசையைத் தட்டிலேயே வைத்தாள். அந்த நேரத்தில் பக்கத்துப் பாத்திரக் கடை நாகபூஷணம் உள்ளே வந்தார். அறுபது வயது, நரைத்த மீசை. போனை ஒவ்வொரு மேஜையாகக் காட்டிக்கொண்டே வந்து அவள் முன்னால் நீட்டினார்.

“சூடும்மா, இதப் பாரு, நீ ஆபீசுக்குப் போற பொண்ணு. இவள எங்கனா பாத்திருக்கியா? சாவுக்குப் போயிட்டு வந்து கேமராவ பாத்தேன். திருட வந்தவளோன்னு இத மட்டும் எடுத்து வெச்சேன்.”

முகம் மூடிய ஒருத்தி ஷட்டர் ஷட்டராக நடந்து போனாள். தோளில் பழுப்பு நிறப் பை. அதே பை இப்போது மேஜைக்கடியில் கிடந்தது. தரணி அதைக் காலால் மெல்ல உள்ளே தள்ளினாள்.

“தெரியலண்ணா,” என்றாள். பிறகு கேட்டாள்: “கெடச்சா இன்னா பண்ணுவீங்க?”

“எனக்குத் தெரியல. எங்க பசங்க இன்னா பண்ணுவானுங்கன்னும் தெரியல.”

தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நடையை மாற்றி நடக்க முயன்றபோது கால்கள் பின்னின. ஜெயபிரகாஷுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள்.

“போன்ல இருக்கிற படத்தயெல்லாம் அழிச்சிடு. விசாரணைன்னு வந்தா செயலியில இருக்கிற பேரு உன்னுதுதான் தரணி, என்னுது இல்ல. ரெண்டு வாரம் ஊருக்குப் போயி இரு.”

நாகலாபுரத்தில் வாசலில் பைக் நிற்கும் சத்தம் கேட்டாலே அவள் பின்கட்டுக்குப் போனாள். தெரியாத எண்ணிலிருந்து வந்த அழைப்பு எதையும் எடுக்கவில்லை. அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டாள். படங்களைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தான் மேல் விரலை வைப்பாள். அழித்துவிட்டால் அவை ஒரே நாளில் எடுத்தவை என்பதற்குச் சாட்சியே இருக்காது. அதை நினைத்தாலும் பயம் வந்தது. விரலை எடுத்துவிடுவாள்.

ஆட்சேபங்களைக் கேட்கும் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை காலை சித்தூரில் நடந்தது. போக வேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆனால் என்ன ஆகிறது என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வியாபாரிகளே பேசி ஜெயித்துவிட்டால் சத்தமில்லாமல் திரும்பிவிடலாம் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

நாகபூஷணம் எழுந்து, சங்கத் தலைவரின் சாவைப் பற்றிச் சொன்னார். அதிகாரி பொறுமையாகவே கேட்டார்.

“ஒரு நாள் சாவு, ஒத்துக்கிறேன். அறிக்கையில மூணு நாள் பாத்ததா இருக்கே. மத்த ரெண்டு நாளும் கடை தொறந்திருந்ததுக்கு ஆதாரம் இருக்கா?”

“கேமராவுல பழசு பதினஞ்சு நாள்ல அழிஞ்சிடுது சார்.”

அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த தெருவின் பெயரைக் கூப்பிட்டார். நாகபூஷணம் உட்காரவில்லை. மேஜையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

தரணி எழுந்தாள்.

“சார், மூணு நாள் யாரும் பாக்கல. ஒரு நாள்தான். பாத்தது நான்தான்.”

போனை நீட்டியபடி முன்னால் நடந்தாள். இரண்டு பக்கமும் நாற்காலிகள் இழுபடும் சத்தம். ஒருவன் தெலுங்கில் கெட்ட வார்த்தை சொன்னான். இன்னொருவர் அவனை உட்காரச் சொன்னார். அதிகாரி படங்களில் இருந்த தேதியையும் நேரத்தையும் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

“நீ பாத்த மத்த ரெண்டு தெரு?”

அந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

“அதுவும் அப்பிடித்தான் சார்.”

எழுதி வாங்கிக்கொண்டு மத்தியானம்தான் விட்டார்கள். வாசலில் நான்கைந்து இளைஞர்கள் நின்றிருந்தார்கள். அவள் படியிலேயே நின்றுவிட்டாள். பின்னாலிருந்து நாகபூஷணம் வந்தார்.

“நட. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரேன்.”

அவர் இரண்டடி பின்னால் வந்தார். காவலுக்கு வருகிறாரா, பிடித்துக்கொடுக்க வருகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. புத்தூர் பஸ் நிற்கும் இடம் வந்ததும் கேட்டார்:

“அன்னிக்கு எதுருல உக்காந்துக்கினே தெரியலன்னு சொன்னியே. பயமா இல்லயா?”

“இருந்துச்சிண்ணா.”

“ஒரு மாசமா எனக்கும் தூக்கம் இல்ல,” என்றார். பஸ் நகரும் வரை அங்கேயே நின்றார்.

வேறு ஆட்கள் வந்து மூன்று தெருக்களையும் திரும்பக் கணக்கெடுத்தார்கள். வளையல்காரத் தெருவில் மூடியிருந்தவை ஆறு. தெரு பட்டியலிலிருந்து நீங்கியது. மற்ற இரண்டில் ஒன்று நிஜமாகவே பாழாகிக் கிடந்ததால் பட்டியலில் நீடித்தது. கம்பெனி அவளை நீக்கிவிட்டு, அவள் ஒருத்திதான் ஏமாற்றினாள் என்று போலீசில் புகார் கொடுத்தது. இரண்டு தடவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார்கள். ஜெயபிரகாஷ் போனில் சொன்னதையும் அவள் மறைக்கவில்லை. வழக்குப் போடுவார்களா என்று கேட்டதற்கு எழுத்தர் தலையை நிமிர்த்தாமல், “சொல்லி அனுப்புவோம்,” என்றார்.

இதுவரை சொல்லி அனுப்பவில்லை. அவள் இப்போது புத்தூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். காக்கிச் சட்டை போட்ட யாராவது வாசற்படி ஏறினால், அவர் துணி கேட்கும் வரை அவளுக்கு மூச்சு வருவதில்லை.