மாதம் ஒரு பிள்ளை

வக்கீல் ஹெர்பர்ட் ஐயாவிடம் இருபத்திரண்டு வருடம் குமாஸ்தா வேலை பார்த்த கிளாக் நான். மாத்தளை நீதிமன்றத்தில் அவர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தால் பொலிஸ்காரர்களுக்கு வியர்த்துக் கொட்டும். அப்படிப்பட்ட மனிதர் பாராளுமன்றத்துக்குப் போய் மாட்டிக்கொண்டார். போக வேண்டாம் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். கிளாக் சொல்வதை யார் கேட்கிறார்கள்?

வடக்கில் சண்டை மறுபடி மூண்ட வருடம் அது. இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைப் பொலிஸார் சுற்றிவளைத்து, தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்த ஆறு பையன்களைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆறு பேரும் கொழும்புக் கடைகளில் வேலை செய்தவர்கள். குற்றப்பத்திரிகை கிடையாது, வழக்கும் கிடையாது. அவசரகாலச் சட்டம் இருக்கும்போது அதெல்லாம் எதற்கு? ஆறு தாய்மாரும் எங்கள் வக்கீல் கந்தோருக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

ஐயா அவர்களுக்குச் சட்டத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தார். அதற்கு ஆயுள் ஒரு மாதம்தான், மாதாமாதம் பாராளுமன்றத்தில் கை தூக்கித்தான் நீட்டுகிறார்கள், ஒரு மாதம் நீட்டாமல் விட்டால் பிள்ளைகளை அடைத்து வைக்க யாருக்கும் அதிகாரமில்லை என்றார். அடுத்த மாதமே அவருடைய கட்சி, தேர்தல் இல்லாமல் கட்சியே ஆள் நியமிக்கும் தேசியப் பட்டியலில் காலியான இடம் ஒன்றை அவருக்குக் கொடுத்தது. தாய்மார் வெற்றிலை வைத்துக் கும்பிட்டார்கள். நம்ம ஐயா போய்க் கை தூக்காமல் இருப்பார், பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று நம்பினார்கள்.

ஐயாவும் எதிர்த்துப் பேச உரை எழுதிக்கொண்டுதான் போனார். கட்சியோ அரசாங்கத்தோடு இருந்தது. அரசாங்கத்துக்கு இருந்த பெரும்பான்மை விரல்விட்டு எண்ணக்கூடியது. வாக்கெடுப்புக்கு முன் அமைச்சர் ஒருவர் அவரைத் தேநீர்ச்சாலைக்குக் கூட்டிப்போய், ஆதரித்தால் ஒரு பையனை விடுவதாகச் சொன்னார். ஒருவனை மட்டும். மற்றவர்களை அடுத்தடுத்த மாதங்களில் பார்த்துக்கொள்ளலாமாம்.

பதவி போகும் என்று மிரட்டியிருந்தால் ஐயா தூக்கி எறிந்துவிட்டு வந்திருப்பார். பிள்ளையைக் காட்டினால் என்ன செய்வார்? ஆதரித்தார். நாலாம் நாள், அந்தத் தாய்மாரில் ஒருத்தியான ராசம்மாவின் மகன் வீடு வந்து சேர்ந்தான்.

ஐயா இணங்கிப்போனதில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதற்குப் பிறகு தாய்மாரே மாதம் பிறந்ததும் வந்து, மறக்காமல் கை தூக்கிவிடச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஐயா தூக்கம் கெட்டு மெலிந்துபோனார்.

"ஒவ்வொரு தடவ கை தூக்குறப்பவும் ஒருத்தன் வெளிய வர்றான், அந்தோனி," என்றார் ஒருநாள். "அதே கையால எத்தன பேர உள்ள போடுறேன்னு யாருக்குத் தெரியும்?"

யாரை முதலில் விடுவிப்பது என்பதிலும் அவர் வக்கீலாகவே யோசித்தார். பாப்பம்மாவின் மகன் அருள்மணியிடம் அடையாள அட்டை, கொழும்பில் தங்கியதற்கான பொலிஸ் பதிவு, கடை முதலாளியின் கடிதம் எல்லாம் சுத்தமாக இருந்தன. இவ்வளவு பலமான வழக்கை நீதிமன்றமே பார்த்துக்கொள்ளும், காகிதமில்லாதவர்கள் முதலில் வரட்டும் என்று அவனைக் கடைசியில் வைத்தார். அடிப்படை உரிமை மனுவும் போட்டார். நீதிமன்றம் தவணைமேல் தவணை போட்டது. மற்ற ஐந்து பேரும் வந்துவிட்டார்கள்.

ஆறாவது மாதம் எதிர்க்கட்சியிலிருந்து ஒரு கூட்டமே அரசாங்கத்தின் பக்கம் தாவியது. ஐயா அருள்மணியின் பெயரோடு அமைச்சரிடம் போனார். அமைச்சர் ஐயாவின் தோளில் தட்டி, இந்த முறை உங்கள் விருப்பப்படி வாக்களியுங்கள், கட்சியிலும் நான் சொல்லிவிடுகிறேன் என்று சிரித்தாராம்.

நானும் கூடப் போயிருந்தேன். "சேர், இன்னைக்காவது இல்லைனு சொல்லிட்டு வாங்க," என்றேன். ஐயா என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய் ஆதரித்தே வாக்களித்தார். அமைச்சர் மனமிரங்குவார் என்ற நப்பாசை. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை பாப்பம்மா இரத்தோட்டை பஸ்ஸில் வந்து இறங்கினாள். நாலு நாள் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். ஐயா நாற்காலி கொடுத்தார். அவள் உட்காரவில்லை.

"கை தூக்குனீங்கதானே ஐயா?"

"தூக்கினேன், பாப்பம்மா."

"அப்புறம் ஏன் எம்புள்ள வரல?"

ஐயா அருள்மணியின் காகிதங்களை எடுத்து மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். உங்கள் ஐயாவின் கை இப்போது யாருக்கும் தேவையில்லை என்று நானாவது சொல்லியிருக்கலாம்.

பாப்பம்மா தப்பாக ஏதும் கேட்டுவிடுவோமோ என்ற பயத்தோடு, மெதுவாகச் சொன்னாள்.

"அடுத்த மாசம் ரெண்டு கையையும் தூக்குங்க ஐயா."