அந்தக் கைத்தட்டு யாருடையது?

அர்லீதா சொன்ன பொய்களிலேயே நல்ல விலைக்குப் போனது ஒன்றுதான். அதற்கு இப்போது சரக்கு காட்ட வேண்டியிருந்ததால்தான், டெட்ராயிட்டின் ஜனவரிப் பனியில் சறுக்கிக்கொண்டே, சனிக்கிழமை காலை அத்தை எர்சலீன் வீட்டுக்கு ஓடினாள்.

'கார்லினெட்ஸ்' என்ற மூன்று பெண்கள் பாடிய 'வந்தா வா, வராட்டி போ' அப்போது ஊரையே ஆட்டிவைத்தது. ஷிப்டு முடிந்து ஆலையிலிருந்து கிளம்பும் கார் எல்லாவற்றிலும் அந்தப் பாட்டுதான். ஜுவானிடா முன்னால் நின்று உருகுவாள். வில்லடீனும் அர்லீதாவும் பின்னால் 'ஊ... ஊ...' போடுவார்கள்.

இசைத்தட்டு முதலாளி பாஸ்கம் ஒருநாள் சுருட்டைக் கடித்தபடி கேட்டார்: "ஊன்னு சொல்ல எதுக்கு ரெண்டு பேரு? ஒரு மாடு கத்தினா பத்தாதா?"

பார்வை அர்லீதா மேல் நின்றது. அவள் வாய் முந்திக்கொண்டது.

"அந்தப் பாட்டுல வர்ற கைத்தட்டு என்னோடது, மிஸ்டர் பாஸ்கம். என்னை அனுப்பினா அதுவும் என்கூடயே கிளம்பிரும்."

பாஸ்கம் சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். பாட்டை விற்றுக் கொடுத்ததே அந்தத் தட்டுதான். ஈரத் துணிமூட்டையைத் தரையில் போட்டதுபோல மெத்தென்று விழும். ஆனால் நெஞ்சில் போய் இடிக்கும். அர்லீதாவின் இடம் தப்பியது.

தப்பியது ஆல்பம் வரைக்கும்தான். புதுப் பாட்டுகளிலும் அதே தட்டு வேண்டும் என்றார் பாஸ்கம். வெள்ளிக்கிழமை முழுக்க அவள் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அப்பளம் நொறுங்கினாற்போல் வந்தது.

"என்ன, கொசு அடிக்கிறியா? நாளைக்கு மத்தியானம் ஆல்பம் அட்டைக்குப் படம் எடுக்க ஆள் வர்றான். அதுக்குள்ள அந்தத் தட்டு வரணும். வரலைன்னா படத்துல ரெண்டு பேரு நின்னாப் போதும்."

வராது என்று அர்லீதாவுக்குத் தெரியும். பாட்டு பதிவான ஞாயிற்றுக்கிழமை அத்தையும் கூட வந்திருந்தாள். ஆண்கள் நிறைந்த இடத்துக்குப் பெண்ணைத் தனியாக அனுப்ப மனமில்லாமல், சர்ச் வாசலில் நின்று வருகிறவர்களை உட்காரவைக்கும் ஊழியம் முடிந்த கையோடு, வெள்ளை உடையும் வெள்ளைக் கையுறையுமாக வந்து உட்கார்ந்தாள். அந்தக் கையுறைகள் மைக்குக்கு முன்னால் தட்டியது அர்லீதாவின் கண்ணிலேயே நின்றது. ஆக, தட்டு அத்தையுடையது. அதைத் தன்னுடையது என்று விற்றாயிற்று.

அவள் போய்ச் சேர்ந்தபோது அத்தை மறுநாள் சர்ச்சுக்கான உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஒரே ஒரு தடவை வந்து தட்டிக் குடுங்க. அன்னைக்குத் தட்டினீங்களே, அதே மாதிரி."

"யாரு, நானா? அந்தச் சாத்தான் பாட்டுக்கா?" இஸ்திரிப் பெட்டி நிமிர்ந்து நின்றது. "அடியே, பாஸ்டர் மூணு மணி நேரம் பேசின அசதியில நான் நாற்காலியிலயே தூங்கிட்டேன். முழிச்சப்போ பாட்டு முடிஞ்சிருந்துச்சு."

"பொய் சொல்லாதீங்க. வெள்ளைக் கையுறை தட்டினதை நான் பார்த்தேன்!"

"கையுறை தட்டுச்சு, சரி. உள்ள யாரு கை? பாட்டை இருபத்தாறு தடவை எடுத்ததுல தட்டித் தட்டி உள்ளங்கை பன்னு மாதிரி வீங்கிருச்சுன்னு அழுதியே, மறந்து போச்சா? என் கையுறையைப் பிடுங்கி மாட்டினவ நீதான். குடுத்துட்டுத்தான் நான் கண்ணை மூடினேன். நீ வேர்த்து ஊத்தினதை வெளுக்க எனக்கு மூணு நாள் ஆச்சு."

அர்லீதா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். கையுறையை ஞாபகம் வைத்தவள், அதற்குள் இருந்த கையை மறந்துபோயிருக்கிறாள்! வாரக்கணக்காக நெஞ்சில் கிடந்த கல் சத்தமில்லாமல் இறங்கியது. சிரிப்பு வந்தது, நிற்கவில்லை.

"அப்போ நான் சொன்னது நிஜம்தானா?"

"என்னடி சொன்னே?"

"ஒண்ணுமில்ல அத்தை. கையுறையைக் குடுங்க."

"சும்மாவா? மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்ல பாடணும்."

"ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு."

"நான் என்ன மீனா விக்கிறேன், பேரம் பேசுறே? மாசம் ஒண்ணு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள கையுறை என் கையில இருக்கணும்."

பேரம் படிந்தது.

ஸ்டூடியோவில் கையுறையை மாட்டிக்கொண்டு மைக்குக்கு முன் நின்றாள். முதல் தட்டிலேயே கண்ணாடிக்குப் பின்னால் பாஸ்கமின் சுருட்டு ஆடுவதை நிறுத்தியது.

"அதேதான்! ஏம்மா, இதை நேத்தே மாட்டியிருக்கக் கூடாதா?"

"மொத்தச் சரக்கையும் முதல் நாளே விரிச்சா விலை போகுமா, மிஸ்டர் பாஸ்கம்?"

பாஸ்கம் ஒரு கணம் முறைத்தார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். "போ, போ. மூணு பேரும் போய்ப் படத்துக்கு நில்லுங்க."

"இனிமே அந்தாளு உன்னை மாடுன்னா நான் முட்டுவேன்டி," என்று வில்லடீன் அவள் இடுப்பைக் கிள்ளினாள். அர்லீதா கையுறையைக் கழற்றவும் மறந்து நின்றாள். படமும் அப்படியே விழுந்தது.

வசந்தத்தில் ஆல்பம் வந்தது. ஊர்ப் பெண்கள் கடைகடையாக ஏறி வெள்ளைக் கையுறை கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வாசலில் விறைப்பாக நின்ற எர்சலீனைப் பார்த்து ஒரு சிறுமி கூவினாள்: "அம்மா, இந்தப் பாட்டியும் கார்லினெட்ஸ் மாதிரியே போட்டிருக்காங்க பாரு!"

எர்சலீன் திரும்பி, உள்ளே நின்ற பாடகர் வரிசையை ஒரு பார்வையால் எரித்தாள். அங்கே பேரத்தின்படி பாட வந்திருந்த அர்லீதா, அத்தை தன்னை அங்கேயே வைத்து அடிக்க மாட்டாள் என்ற தைரியத்தில், மூச்சை நிறைய இழுத்து அடுத்த வரியை எடுத்தாள்.